கல்லூரி வாசலில் அத்தோ கலப்பது எப்படி

வடசென்னையில் கல்லூரி வாசல் வண்டியில் அத்தோ கலக்கும் அண்ணனைப் பிள்ளைகள் தேடி வருவது கைப்பக்குவத்துக்காக. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு வந்த நூடுல்ஸ் உணவு இது. கையால் பிசைந்தால்தான் அத்தோ. கரண்டியால் கிளறினால் புளி எல்லா இடத்திலும் ஏறாது.

ஒரு கிலோ நூடுல்ஸை முக்கால் பதத்தில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி, விரித்து ஆறவிடுங்கள். சூட்டோடு குவித்தால் கட்டியாகிவிடும்.

பூண்டு எண்ணெய்தான் உயிர். 200 மில்லி எண்ணெயில் 100 கிராம் பூண்டைச் சன்னமாக நறுக்கிப் போட்டு, சிறுதீயில் வறுங்கள். வெளிர் பொன்னிறத்திலேயே இறக்கிவிட வேண்டும். மீதியை எண்ணெய்ச் சூடே பார்த்துக்கொள்ளும். அடுப்பிலேயே சிவந்தால் கசக்கும், கொட்டிவிடுங்கள்.

தட்டுக்கு இரண்டு பிடி நூடுல்ஸ், ஒரு பிடி கோஸ், கொஞ்சம் வெங்காயம், இரண்டு ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல், பூண்டு எண்ணெயும் பொட்டுக்கடலை மாவும் ஒவ்வொரு ஸ்பூன், மிளகாய்த்தூள். உப்பு கடைசியில்தான், முன்பே போட்டால் கோஸ் தண்ணீர் விட்டுச் சொதசொதத்துவிடும். பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவி உடனே நீட்டுங்கள், கூடவே வாழைத்தண்டு சூப்.

பிசையும் கை காசைத் தொடக் கூடாது. "அண்ணா, காரம் கம்மி" என்று நேற்று சொன்ன பிள்ளைக்கு இன்று கேட்காமலே குறைத்துப் போடுங்கள்.