நீண்ட தூர விமானத்தில் நன்றாகத் தூங்க பிசினஸ் கிளாஸ் சீட்டைப் பார்த்து எடுப்பது எப்படி

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கும்போது நிறைய பேர் விமான நிறுவனத்தின் பெயரையும் விலையையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த விமானம் வரப்போகிறது, அதில் என்ன மாதிரி சீட், படுத்தால் கால் எங்கே போகும் என்று பார்ப்பவர்கள் குறைவு. எகானமியைவிடப் பல மடங்கு பணம் கொடுப்பதே ராத்திரி படுத்துத் தூங்கி, இறங்கும்போது தலை தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதனால் தூக்கத்தை வைத்து சீட்டைத் தேர்ந்தெடுங்கள், சாப்பாடு, டிவி, ஷாம்பெயின் எல்லாம் அப்புறம்.

முதலில் பயண நேரத்தைப் பாருங்கள். பகலில் கிளம்பி பகலிலேயே இறங்கும் விமானத்தில் படுக்கைக்குப் பெரிதாக வேலை இல்லை, எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமியே தாராளமாகப் போதும், அதில் சீட்டுக்கு சீட் சுமார் 38 அங்குலம் இடைவெளி கிடைக்கும் (எகானமியில் பெரும்பாலும் 31, 32). ராத்திரி விமானம், அதுவும் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் பிசினஸ் கிளாஸுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 18 மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் நியூயார்க் பயணத்துக்கென்று வைத்திருக்கும் ஏர்பஸ் ஏ350 விமானங்களில் எகானமியே கிடையாது, 67 பிசினஸ் சீட்டும் 94 பிரீமியம் எகானமி சீட்டும் மட்டும்தான்.

சரி, ராத்திரிப் பயணம் என்று முடிவாகிவிட்டது. இப்போது டிக்கெட் பக்கத்தில் விமான எண்ணுக்குக் கீழே விமானத்தின் வகை போட்டிருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் ஒரே நிறுவனம் ஒரே ஊருக்குக் காலையில் ஒரு விமானமும் ராத்திரி வேறொரு விமானமும் அனுப்பும், இரண்டிலும் சீட் முற்றிலும் வேறாக இருக்கும். போயிங் 787 அல்லது ஏர்பஸ் ஏ350 கிடைத்தால் அதையே எடுங்கள். இவற்றில் கேபின் அழுத்தம் சுமார் 6000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது, பழைய வகை விமானங்களில் அது 8000 அடி வரை போகும். விமானத்தின் உடல் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது என்பதால் துருப் பயம் இல்லாமல் காற்றில் கொஞ்சம் கூடுதல் ஈரப்பதமும் விட முடிகிறது. தொண்டை வறட்சியும் தலைவலியும் குறைவதை நீண்ட பயணத்தில் நன்றாகவே உணரலாம்.

அடுத்தது சீட் மேப், அதாவது எந்த சீட் எங்கே என்று காட்டும் படம். ஒரு வரிசையில் நாலு சீட், அதாவது 1-2-1 (கோடு வரும் இடமெல்லாம் நடைபாதை) என்று இருந்தால் எல்லோருக்கும் நடைபாதைக்கு நேர் வழி உண்டு. 2-2-2 என்றால் ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் ராத்திரி எழுந்து போகப் பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்ட வேண்டும். எமிரேட்ஸின் போயிங் 777 விமானங்களில் பல வருடம் 2-3-2 அமைப்பு இருந்தது, அதில் நடு சீட்டில் மாட்டினால் இரண்டு பக்கமும் ஆள். தனியாகப் போகிறவர்கள் 1-2-1 இல்லாத விமானத்துக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படுக்கை முழுக்கத் தட்டையாக வருமா என்றும் உறுதி செய்யுங்கள். 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் முழுத் தட்டைப் படுக்கையைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் மெல்ல மாறிவிட்டார்கள் என்றாலும், சில பழைய விமானங்களில் சாய்வாகவே நிற்கும் படுக்கை இன்னும் இருக்கலாம். படம் பார்த்தால் தட்டை போலவே தெரியும், படுத்தால் ராத்திரி முழுக்கக் கால் பக்கம் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

இனி கால் வைக்கும் இடம். என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இன்றைய பிசினஸ் சீட்களில் பெரும்பாலும் உங்கள் பாதம் முன் சீட்டுக்காரரின் பக்கத்து மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு பொந்துக்குள் போகும். சில சீட்களில் அது ஷூ பெட்டி அளவுக்குத்தான் இருக்கும், நேராகப் படுத்தால் இரண்டு பாதமும் ஒன்றோடொன்று இடிக்கும், ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு முட்டி மடக்க இடம் இருக்காது. உயரமானவர்களும் பக்கவாட்டில் தூங்குகிறவர்களும் கேபினின் முதல் வரிசையை முயற்சி செய்யுங்கள், முன்னால் வேறு சீட் இல்லாததால் பல விமானங்களில் அங்கே பொந்து அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் சமையலறையும் அங்கேதான் இருக்கிறதா என்று மேப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அழுகைச் சத்தமும் பாத்திரச் சத்தமும் திரை இடுக்கில் வரும் வெளிச்சமும் தூங்க விடாது.

வரிசைக்கு வரிசை சீட் மாறி மாறி அமைந்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வரிசையில் சீட் ஜன்னலை ஒட்டியும் மேசை நடைபாதைப் பக்கமும் இருக்கும், அடுத்த வரிசையில் அப்படியே தலைகீழ். முதல் வகைதான் எடுக்க வேண்டியது. இரண்டாவதில் படுத்தால் போகிற வருகிறவர்களின் கை, பை எல்லாம் தோளில் படும். விலை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே!

கதவு வைத்த சீட்கள் இப்போது பிரபலம். கத்தார் ஏர்வேஸ் 2017-ல் கொண்டுவந்த கியூசூட் அதில் முக்கியமானது, நடுவில் இருக்கும் சீட்களில் சிலவற்றை இரட்டைப் படுக்கையாகவும் மாற்றலாம், ஜோடியாகப் போகிறவர்களுக்கு அருமையான விஷயம். தனியாளுக்கு கதவு இருந்தால் நல்லது, ஆனால் கதவையும் அகலமான கால் இடத்தையும் சேர்த்து வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் யோசிக்காமல் கால் இடத்தை எடுங்கள்.

சீட் பதிவு செய்ததோடு மறந்துவிடாதீர்கள். விமானம் மாறினால் நீங்கள் தேடி எடுத்த சீட் போய், கணினி ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒருமுறை, செக்-இன் திறந்ததும் ஒருமுறை பாருங்கள். எகானமி டிக்கெட் எடுத்துவிட்டு, ஏலத்தில் தொகை கேட்டு பிசினஸுக்கு மாறும் அப்கிரேடு வாங்குகிறவர்களும் இந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்புறம் தொகை போடுங்கள்.

விமானத்துக்குள் ஏறியபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ராத்திரி வெகுநேரம் கழித்துக் கிளம்பும் விமானம் என்றால் லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், மேலே பரிமாறி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மெத்தை விரிப்பு தருகிறார்களா என்று கேட்டு வாங்கி, சீட் மடியும் இடத்தில் இடுப்புக்கு அடியில் பள்ளம் தெரிந்தால் கூடுதல் போர்வையை மடித்து அதில் வையுங்கள். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விமானம் குலுங்கும்போது கேபின் ஊழியர்கள் பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க எழுப்பத்தான் வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், மதுவைக் குறையுங்கள், தூக்கத்தைப் பாதியில் கெடுப்பது அதுதான். விழிப்பு வரும்போதெல்லாம் எழுந்து ஒரு நடை போய் வாருங்கள், எவ்வளவு வசதியான சீட்டாக இருந்தாலும் பல மணி நேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

காலைச் சாப்பாடு வேண்டுமா, எத்தனை மணிக்கு எழுப்பலாம் என்பதைப் படுக்கும் முன்பே ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடு வேண்டாம் என்று சொன்னால் பெரும்பாலும் இறங்கத் தொடங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு வரை எழுப்பமாட்டார்கள், அந்த ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும்.