பறையும் கிட்டாரும் ஒரே மேடையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஓர் ஏசி அரங்கம். ஒத்திகையில் கணீரென்று பேசிய பறை, மூன்றாவது பாட்டில் தொப் தொப்பென்று ஆகிவிட்டது. குளிரில் தோல் தளர்ந்துபோயிருந்தது. வெளியே போய் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சிவிட்டு வர ஐந்து நிமிடம் கேட்டார் வாசித்த அண்ணன். நேரமில்லை என்று சொன்னது நான்தான். இன்றைக்கும் அது உறுத்துகிறது. கிட்டார்காரர் பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் திருகுவதை யாரும் தடுப்பதில்லை. பறைக்குச் சுருதி சேர்ப்பது தீ. அரங்கம் பிடிக்கும்போதே வெளியில் தீ மூட்ட இடமும் அனுமதியும் கேட்டு வாங்கிவிடுங்கள். கூடுதலாக இரண்டு பறை இருந்தால், ஒன்று மேடையில் இருக்கும்போது இன்னொன்று காய்ந்துகொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய தவறு, பறைக்காரர் காதில் ஹெட்போனை மாட்டி தாளத்தை அளந்து தட்டும் கிளிக் சத்தத்துக்கு வாசிக்கச் சொல்வது. நம் அடிகளில் பல திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாகப் போகிறவை. அதற்குக் கீழே டிரம்ஸ் நாலு நாலாக நேராக இடித்தால் அந்தத் துள்ளல் செத்துவிடும். போதாததற்கு, ஸ்டுடியோவில் ஒவ்வொரு அடியையும் கணினித் திரையின் கோட்டுக்கு இழுத்து வைக்கிறார்கள். பறையின் இரண்டு குச்சிகளில் அடிக்குச்சி விழுந்து சுண்டுக்குச்சி தொடுவதற்குள் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறதே, காலை ஆடவைப்பது அதுதான். முதலில் பறையைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அதைக் கேட்டு டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் வாசிக்கட்டும். மேடையில் பறைக்காரரை ஸ்டாண்டு மைக் முன்னால் நட்டுவைக்கவும் வேண்டாம். ஆடிக்கொண்டே அடிக்கிற வாத்தியம் அது. பறையின் சட்டத்தில் கிளிப் மைக் மாட்டினால் போதும்.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வளர்ந்த இசைக்கலைஞர் பஞ்சாபி எம்சி 1998இல் வெளியிட்ட ‘முண்டியான் தோ பச் கே’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். தும்பி என்ற ஒற்றைக் கம்பிப் பஞ்சாபி வாத்தியமும் லாப் ஜஞ்சுவாவின் குரலும் தங்கள் போக்கிலேயே போகின்றன. அமெரிக்க டிவி தொடர் ஒன்றின் இசையிலிருந்து எடுத்த பேஸ்தான் அடியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வந்த விருந்தாளி வீட்டு வழக்கத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி.

நாகசுரத்திலும் இதே கதைதான். குழலின் நீளமும் துளைகளும் அதன் சுருதியைத் தீர்மானித்துவிடுகின்றன. வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றினால் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். கீபோர்டிலோ சுருதியை மாற்ற டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது, கிட்டாருக்குக் கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கேப்போ இருக்கிறது. நகர முடிந்தவர் நகர்வதுதானே நியாயம்? நாகசுரம் ஒரு கமகத்தில் நின்று குழையும்போது கிட்டாரிலும் கீபோர்டிலும் கார்டை (பல சுரங்களின் கூட்டொலியை) நிரப்பாமல் விடுங்கள். அந்த இடத்தில் வெறும் சுருதி போதும்.

கானாவைத் தொடுகிறவர்கள் செய்கிற தவறு வேறு மாதிரி. மெட்டை எடுத்துக்கொண்டு, சாவு வீட்டையும் குடிசையையும் பேசுகிற வரிகளைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது ராப்பும் ராக்கும் கானாவும் கலந்தன. ஆனால் பாட்டு எதைப் பேச வந்ததோ அதை மறைக்கவில்லை. அந்தக் கலவைக்கு வலு வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். பறையைப் ‘பழங்குடி டிரம்’ என்று போஸ்டரில் போடுவதும் இதே மறைப்புதான். பறை என்றே எழுதுங்கள்.

கடைசியாகப் பெயர். பாடியவர் உயிரோடு இருக்க, ‘மரபுப் பாடல்’ என்று மட்டும் போட்டு வெளியிடுவதை நிறைய பார்க்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்தின்படி, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு. சம்பளத்தைக் கையில் கொடுக்கும் நாளிலேயே பங்கு எவ்வளவு என்று தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.