ஊருக்குக் கமரா கொண்டுபோவோர் கவனிக்க வேண்டியவை

ஊருக்குக் கமரா கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் களவுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் கூடுதலான கமராக்களைக் கெடுப்பவை ஈரமும் உப்புக்காற்றும்தான். களவு போனால் அன்றே தெரிந்துவிடும். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தது திரும்பி வந்து சில மாதம் சென்ற பிறகுதான் தெரியும்.

முதலில் பயணப்பெட்டி. கமராவும் லென்ஸும் கைப்பையில்தான் போகவேண்டும். மேலதிக லித்தியம் பற்றரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது என்பது விமான விதி. அவற்றின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். திறப்போ சில்லறைக் காசோ பட்டால் ஷோட்டாகிச் சூடேறும். சென்னையிலிருந்து பலாலிக்குச் சிறிய ஏ.ரி.ஆர் விமானத்தில் போகிறவர்களின் பெரிய பையை வாசலிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பக்கூடும். அப்படி நடந்தால் பற்றரிகளையும் மெமறி காட்டுகளையும் கமராவையும் வெளியே எடுத்துக் கையோடு வைத்திருங்கள்.

கமராவின் அடியிலுள்ள தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் போனில் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். கனடாவில் இருந்து புறப்படுவோர் எல்லைச் சேவை அலுவலகத்தில் கமராவைக் காட்டி, அது புறப்படும்போதே உங்களிடம் இருந்தது என்று காட்டும் பி.எஸ்.எஃப் 407 அட்டை எடுத்துவைத்தால், திரும்பும்போது தீர்வைக் கேள்வி வராது.

இனி ஈரம். ஏசி வாகனத்தில் குளிர்ந்து கிடந்த கமராவை வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் புகை படிவதுபோல் நீர் படியும். கண்ணுக்குத் தெரியும் அந்த நீர் ஆபத்தில்லை, அது உலர்ந்துவிடும். உள்ளே சர்க்கியூட்டிலும் லென்ஸ் இடுக்கிலும் படிவதுதான் கேடு. இறங்குவதற்கு முன், வாகனத்துக்குள் இருக்கும்போதே, கமராவை ஸிப் வைத்த பிளாஸ்ரிக் பையில் போட்டு மூடுங்கள். வெளியே வந்து அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை பையைத் திறக்க வேண்டாம். நீர் பைக்கு வெளியே படிந்து காயும். அந்த நேரத்தில் லென்ஸ் கழற்றுவது மிகப் பெரிய பிழை.

உறவினர் வீட்டில் பாதுகாப்பு என்று அலுமாரியில் சேலைகளுக்கிடையே வைத்துப் பூட்டுவார்கள். இருட்டும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியில்லை, அதிலும் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில். தோல் உறையும் ஈரத்தை இழுக்கும். இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் 100 கிராம் அளவு சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த பழைய பொட்டலம் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும், அதை நம்ப வேண்டாம். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று பார்த்தே அறியலாம். அரிசிக்குள் புதைப்பவர்களும் உண்டு. மாவுத்தூசி உள்ளே போவதுதான் மிச்சம்.

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறும்போதும் கசூரினா கடற்கரையிலும் உப்புத்துளி கமராவில் படியும். காய்ந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழக்கூடும். முதலில் காற்றுப் பம்பால் ஊதி, நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கமராவை ஒற்றித் துடைத்து, பிறகு காய்ந்த துணி. லென்ஸ் கண்ணாடிக்கு முன்னால் யூவி பில்டர் போட்டிருந்தால் கீறல் அதனோடு போய்விடும். சோளகக் காற்றுக் காலத்தில் வெளியில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. அந்தப் புழுதி சென்சரில் ஒட்டினால் எல்லாப் படத்திலும் கறுப்புப் பொட்டு விழும்.

இலங்கை மின்சாரம் 230 வோல்ற். சார்ஜரில் 100-240 என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். பழைய வீடுகளில் உருண்டைப் பின்னும் புதியவற்றில் சதுரப் பின்னும் இருக்கும், இரண்டுக்கும் ஏற்றதாகக் கொண்டுபோங்கள். இடி மின்னலின்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

களவு பெரும்பாலும் கீழே வைத்த நொடியில்தான் நடக்கிறது. கொழும்பு–யாழ்ப்பாண இரவு பஸ்ஸில் மேல்தட்டில் பையை வைத்துவிட்டுத் தூங்குவது, தேநீருக்கு நிறுத்தும்போது இருக்கையில் விட்டு இறங்குவது, ரயில் யன்னலோரம் தொங்கவிடுவது இவைதான் வழமையான இடங்கள். பையை மடியில் வைத்துப் பட்டியைக் கையில் சுற்றுங்கள். கம்பனிப் பெயர் பொறித்த பட்டியைக் கழற்றிச் சாதாரணப் பட்டி போடுங்கள். நல்லூர்த் தேரன்று ஒரேயொரு லென்ஸோடு போய், பட்டியைக் குறுக்காகப் போட்டுக் கமராவை வயிற்றோடு அணைத்து வைத்திருங்கள். கோயிலுக்குள் படமெடுக்கத் தடை என்பதால், உள்ளே போகும்போது அதைப் பார்த்துக்கொள்ள வெளியில் ஒருவர் நிற்கவேண்டும். இராணுவ முகாம், சோதனைச்சாவடிப் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

படங்கள் கமராவைவிடப் பெறுமதி. ஒரே பெரிய மெமறி காட்டுக்குப் பதில் 64 ஜிபி காட்டுகள் நாலைந்து கொண்டுபோய், இரவுதோறும் பிரதி எடுங்கள். இரண்டு இடத்தில் பிரதி சேரும்வரை எந்த மெமறி காட்டிலும் படங்களை அழிக்கக்கூடாது. கடைக் கணினியில் போட நேர்ந்தால் காட்டின் ஓரத்திலுள்ள, எழுதவோ அழிக்கவோ விடாத சிறு பூட்டைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டுக் கொடுங்கள்.

கமரா போய்விட்டால் அவசர இலக்கம் 119. ஆனால் அழைப்பு மட்டும் போதாது. சம்பவம் நடந்த பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் சென்று, தொடரிலக்கத்தோடு முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பல காப்புறுதிகள் 24 மணித்தியாலத்துக்குள் பதிந்திருக்க வேண்டும் என்று கேட்பதால் மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.