ஆனோடைசிங்குக்கு அனுப்பும் முன் டிராயிங்கை ஒருமுறை பாருங்கள்

நான் முதன்முதலில் ஹார்டு ஆனோடைசிங்குக்கு (அலுமினியத்தின் மேல் கெட்டியான ஆக்சைடு கோட்டிங் ஏற்றும் வேலை) அனுப்பியது நாற்பது அலுமினிய பேரிங் ஹவுசிங். அனுப்பும்போது பேரிங் கையாலேயே வழுக்கி உட்கார்ந்தது, திரும்பி வந்தபோது நுனிகூட நுழையவில்லை. ஜாப் ஒர்க் செய்தவரிடம் சண்டைக்குப் போனேன். "50 மைக்ரான் கோட்டிங் வேணும்னு எழுதினது நீங்கதானே" என்றார் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தப்பு என்னுடையதுதான்.

பெயின்ட் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஆனோடைசிங் அப்படியில்லை, அலுமினியத்தையே ஆக்சைடாக மாற்றி வளர்கிறது, அதனால்தான் அது பெயின்ட் மாதிரி உரிந்து வராது. ஹார்டு கோட்டில் ஏறத்தாழ பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும். 50 மைக்ரான் கேட்டால் ஒரு பக்கத்துக்கு 25 வெளியே வரும், துளையின் விட்டம் 50 குறையும். 25 மி.மீ. எச்7 (துளை அளவுக்கான ஒரு தரம்) துளைக்கு மொத்த டாலரன்ஸே, அதாவது அளவில் விடும் வித்தியாசமே, 21 மைக்ரான்தான், அப்புறம் எங்கே பேரிங் நுழைவது? எனவே துளையை அந்த அளவு பெரிதாகக் கடையுங்கள், இல்லையென்றால் கோட்டிங் ஏறாதபடி மூடி மாஸ்க் செய்யச் சொல்லுங்கள். மரையில் இன்னும் மோசம்: பிட்ச் விட்டத்தில் (மரைப் பல்லின் நடுவில் அளக்கும் விட்டம்) வெளிவளர்ச்சியைப் போல நான்கு மடங்கு மாறும். சின்ன மரைகளுக்கு ரப்பர் பிளக் அடித்து அனுப்புவதே நிம்மதி.

எது வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். சாதாரண வகை என்றால் 15 முதல் 20 சதவீத கந்தக அமிலம், 20 டிகிரி வாக்கில், பொருளை பாசிட்டிவில் மாட்டி டி.சி. கரண்ட் விடுவார்கள். சாயம் பிடிக்கும், துருப்பிடிப்பைத் தடுக்கும், பேனல்களுக்கும் கவர்களுக்கும் இது போதும். ஹார்டு வகையில் டேங்கை 0 டிகிரி அருகில் வைத்துக் கரண்டைக் கூட்டுவார்கள். வளரும் கோட்டிங்கை அமிலமே கரைத்துக்கொண்டும் இருக்கும், குளிரில் அந்தக் கரைப்பு மெதுவாகிவிடுவதால் தடிமனாக, கெட்டியாக வளரும். நியூமேட்டிக் சிலிண்டர் குழாயின் உட்புறம் தேயாமல் ஓடுவது இதனால்தான்.

உலோகக் கலவையைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். 6061, 6063 அழகாக வரும். சிலிக்கான் அதிகமுள்ள டை காஸ்டிங் அழுக்குச் சாம்பல் நிறத்தில்தான் வரும், அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. செம்பு அதிகமுள்ள 2024 தொல்லை பிடித்தது.

கூர்மையான முனை இருந்தால் மழுக்கிவிடுங்கள், கோட்டிங் அங்கேதான் விரிசல் விடும். 50 மைக்ரானுக்கு 1.6 மி.மீ. ரேடியஸ் கொடுப்பது நல்லது. ஸ்டீல் புஷ், இன்செர்ட் எதையும் முன்கூட்டியே அடித்துவிடாதீர்கள், அமிலம் அதைத் தின்றுவிடும். டேங்கில் பொருளைத் தாங்கும் ஜிக் பிடிக்கும் இடத்தில் கோட்டிங் ஏறாது, அந்த இடத்தை நீங்களே டிராயிங்கில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நட்டநடு முகத்தில் புள்ளி விழும்.

சீலிங் என்பது கொதிநீரில் போட்டு நுண்துளைகளை அடைப்பது. வெளியில் மழையில் கிடக்கும் பொருளுக்கும் சாயம் ஏற்றியதற்கும் கட்டாயம். உராய்வுக்காக மட்டும் ஹார்டு கோட் கேட்டால் வேண்டாம், தேய்மானத் தாங்குதிறன் கொஞ்சம் குறையும்.

வந்ததும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் மேற்பரப்பில் லேசாக வையுங்கள். கோட்டிங் கரண்டைக் கடத்தாது, பீப் அடித்தால் அங்கே கோட்டிங் இல்லை. இதே காரணத்தால் எர்த் கம்பி மாட்டும் இடத்தைச் சுரண்டவோ மாஸ்க் செய்யவோ வேண்டும். கழுவக் காஸ்டிக் கலந்த கிளீனர் மட்டும் ஆகாது, கோட்டிங்கைக் கரைத்துவிடும்.

அந்த நாற்பது ஹவுசிங்? பாஸ்பாரிக்–குரோமிக் அமிலக் கலவையில் போட்டு கோட்டிங்கை ஸ்ட்ரிப் செய்து நீக்கினார்கள், அது அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. ஆக்சைடாகிப் போன உலோகம் திரும்பி வராதல்லவா, துளை முதலில் இருந்ததைவிடச் சுமார் 50 மைக்ரான் பெரிதாக நின்றது. மறுபடி அதே 50 மைக்ரான் ஏற்றினார்கள். பேரிங் உட்கார்ந்தது. இரண்டு முறை கூலி கொடுத்தேன்.