வீட்டில் மஞ்சள் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"இலை தளதளவென்று வந்தது, பிடுங்கிப் பார்த்தால் கிழங்கே இல்லை." வீட்டில் மஞ்சள் வைத்தவர்களில் பலர் சொல்லும் குறை இதுதான். மஞ்சள் வளர்ப்பது கடினமே இல்லை. ஆனால் இது எட்டு, ஒன்பது மாதப் பயிர். மண்ணுக்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனியில் செய்த தவறு தையில்தான் தெரியவரும்.

பாதிப் பிரச்சினை விதையிலேயே தொடங்கிவிடுகிறது. மளிகைக் கடை விரலி மஞ்சளை நட்டால் முளைக்காது. அது வேகவைத்துக் காயவைத்தது, உயிர் போன கிழங்கு. பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை நட்டு வைப்பதும் அவ்வளவு நம்பகமானதல்ல. அந்த நேரத்தில் கிழங்கு பெரும்பாலும் முழுதாக முற்றியிருக்காது. நடவுக் காலம் வருவதற்குள் வதங்கிச் சுருங்கிவிடும். முற்றிய பச்சைக் கிழங்குதான் விதைக்கு வேண்டும். ஈரோடு, பவானி பக்கம் மாசி, பங்குனியில் அறுவடை முடியும்போது விதை மஞ்சள் கிடைக்கும். ஈரோடு நாட்டு ரகமோ, பவானிசாகரில் உருவான பி.எஸ்.ஆர் ரகமோ, எதுவானாலும் சரி, கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று முளைக்கண்களாவது தெரிய வேண்டும். மேலே வெள்ளையாகச் செதில் ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. அந்தக் கிழங்கு வேண்டாம்.

வாங்கிய கையோடு மாசியிலேயே நட்டுவிடுவது அடுத்த தவறு. அறுவடையான கிழங்கு சில மாதம் உறக்கத்தில் இருக்கும், நாம் தண்ணீர் ஊற்றுவதால் எழுந்துவிடாது. வைகாசி, ஆனிதான் சரியான பருவம். நட்ட பிறகும் முளை வெளியே வர மூன்று, நான்கு வாரம் ஆகலாம். பொறுக்காமல் தோண்டிப் பார்த்தால் இளம் முளை முறிந்துவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு தண்ணீரில்தான் நடக்கிறது. வீட்டு மஞ்சள் காய்ந்து சாவது குறைவு, அழுகிச் சாவதுதான் அதிகம். தண்ணீர் தேங்கும் மண்ணில் கிழங்கு அழுகல் நோய் சுலபமாகப் பிடிக்கும். முதலில் இலை ஓரம் மஞ்சளாகிக் காயும். நாம் என்ன செய்கிறோம்? தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறோம். அதற்கு முன் தண்டின் அடியைப் பாருங்கள். நீர் கோத்தது போல் கொழகொழவென்று இருந்து, லேசாக இழுத்ததும் தண்டு கையோடு வந்துவிட்டால், கிழங்கு உள்ளே அழுகிவிட்டது. பிதுக்கினால் நாற்றமும் வரும். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். அழுகிய பிறகு மருந்து ஊற்றிக் காப்பாற்றுவது அரிது, முன்னெச்சரிக்கைதான் கைகொடுக்கும். நடும் முன் விதையை அரை மணி நேரம் சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கரைசலில் ஊறவையுங்கள். தரையில் மேட்டுப்பாத்தி போடுங்கள், களிமண் என்றால் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்துகொள்ளுங்கள். மாடித்தோட்டப் பையில் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மழைக்காலத்தில் அடிக்கடி பாருங்கள்.

பையைப் பற்றி இன்னொன்று. பலரும் விளிம்புவரை மண்ணை நிரப்பி விடுகிறார்கள். கிழங்கு பருக்கும்போது மேலேயும் பக்கவாட்டிலும் கிளைத்து வரும், அதற்கு மண் அணைக்க இடம் வேண்டும். ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள பையில் மேலே நான்கு அங்குலம் காலியாக விட்டு, இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். அப்புறம் இரண்டு, மூன்று தடவையாக மண்புழு உரம் கலந்த மண்ணைப் போட்டு அணையுங்கள். வெயிலில் தெரியும் கிழங்கு பச்சை பிடித்துவிடும். ஒரு பைக்கு இரண்டு விதை போதும். ஐந்தாறு போட்டால் ஒன்றோடொன்று நெருக்கி, எல்லாமே சுண்டு விரல் அளவில் நின்றுவிடும்.

கொஞ்சம் நிழலை மஞ்சள் தாங்கும். அதற்காக வெயிலே படாத சந்தில் வைத்தால் செடி நெட்டையாக வளருமே தவிர, கிழங்கு தேறாது. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜன் உரத்தை, அள்ளிப் போட்டாலும் இதே கதைதான். கிழங்கு திரள சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், வேண்டும். அளவாக விறகுச் சாம்பல் தூவலாம்.

மார்கழி, தை வாக்கில் இலைகள் பழுத்துச் சாய ஆரம்பித்தால் பதற வேண்டாம். அது நோயல்ல, பயிர் முற்றுகிறது. தண்ணீரைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடுங்கள். பொங்கலுக்கு ஒன்றிரண்டு கொத்து பிடுங்கிக்கொண்டு, மற்றவற்றை இலை முழுதும் காயும்வரை மண்ணிலேயே விடுவது நல்லது.

பொடிக்கு என்றால் கிழங்கை வேகவைக்காமல் முழுசாகக் காயப்போடாதீர்கள். காய நாளாகும், நிறமும் ஒரே சீராக வராது. தாய்க்கிழங்கான குண்டு மஞ்சள் வேக நேரமாகும் என்பதால், அதிலிருந்து கிளைத்த விரலியைத் தனியாக வேகவையுங்கள். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் பதம். பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காய்ந்து, ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். ஒரு கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் சுமார் 200 கிராம்தான் நிற்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அடுத்த வருட விதையை வேகவைக்கும் முன்பே தனியாக எடுத்து, நிழலில், காய்ந்த மணலுக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.