பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் கார் வராத சரளைப் பாதையைக் கண்டறிவது எப்படி: மசாமே – பெதாரியூ வழியை முன்வைத்து ஒரு செய்முறை

பிரான்ஸில் சைக்கிள் பயணத்துக்கென்று பெயர் சூட்டப்பட்ட நெடுவழிகள் ஏராளமாக உள்ளன. ஆயினும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் கார்களின் தொல்லை நீங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றுள் பல, ஊர்களுக்கிடையே வாகனங்கள் ஓடும் சாலைகளிலும் செல்கின்றன. மோட்டார் வாகனம் அறவே நுழையாத, தார் போடப்படாத, புதியவர் ஒருவர் அச்சமின்றி ஓட்டக்கூடிய வழியை வரைபடத்தில் தேடி எடுத்து, ரயிலில் சென்று சேர்ந்து, ரயிலிலேயே திரும்பும் முறையை, தெற்குப் பிரான்ஸின் மசாமே, பெதாரியூ நகரங்களை இணைக்கும் வழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். பஞ்சர் ஒட்டவும், வழித்தடத்தைப் பதிந்துவைத்த ஜிபிஎக்ஸ் கோப்பைக் கைபேசியில் ஏற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

முதற்படி: பழைய ரயில் தடத்தையோ கால்வாய்க் கரையையோ தேடுங்கள்

நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது என்பதால், கைவிடப்பட்ட ரயில் தடங்களில் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. கால்வாய்க் கரைப் பாதை படகுகளைக் குதிரைகள் இழுத்துச் செல்வதற்காக அமைந்தது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகான நீர்ப்பூட்டு வரும் இடங்களில் ஏறும் சிறு மேட்டைத் தவிர அதில் ஏற்றமே இல்லை. மலையோரத்தில் சைக்கிள் ஓட்டிப் பழகாதவருக்கு இவ்விரண்டையும்விடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. காட்டுப் பாதைகளை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அங்கே தனியார் நிலம் அடிக்கடி குறுக்கிடும். தனியார் இடம் என்று அறிவிப்பு வைத்த காட்டுக்குள் நுழைவது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதத்துக்குரியது.

இரண்டாம் படி: பலகையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்

நீல நிறச் சதுரப் பலகையில் நடந்து செல்பவரும் சைக்கிளும், சில இடங்களில் குதிரையும் வரையப்பட்டிருந்தால் அது ‘வுவா வெர்த்’, அதாவது மோட்டார் வாகனங்களுக்குச் சட்டப்படி தடை செய்யப்பட்ட பாதை. அதே பலகையின் மீது சிவப்புக் கோடு குறுக்காக ஓடினால் அந்தப் பாதுகாப்பு அங்கே முடிகிறது என்று பொருள். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தும் சைக்கிள் படமும் இருந்தால் அது திசையை மட்டுமே காட்டுகிறது. அடுத்த வளைவில் லாரி வராது என்பதற்கு அது உறுதி தராது. புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இரண்டு பலகைகளுக்கிடையில்தான்.

மூன்றாம் படி: தரை எப்படிப்பட்டது என்பதை ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கார் வராத பாதை என்றாலே சரளைப் பாதை என்று ஆகிவிடாது. பழைய ரயில் தடத்தின் மேல் அமைந்த முதல் வுவா வெர்த், 1997இல் பர்கண்டியில் ழிவ்ரியிலிருந்து க்ளுய்னி வரை 44 கி.மீ. தொலைவுக்குத் திறக்கப்பட்டது, அருமையான வழி, ஆனால் அது தார்ப்பாதை. தெற்கே துலூஸ் நகரிலிருந்து புறப்படும் மிதி கால்வாயின் (Canal du Midi) கரைப் பாதையோ ஒரே வழியில் மூன்று விதத் தரைகளைக் காட்டுகிறது. முதல் 50 கி.மீ. அளவுக்கு வழவழப்பான தார், ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் சரளை, கார்காசோன் நகரைத் தாண்டிய பிறகு பல இடங்களில் பிளேன் மரங்களின் வேர்கள் புடைத்துக்கொண்டு நிற்கும் ஒற்றையடிப் பாதை. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வேருக்கு வேர் குலுங்கிச் செல்வது புதியவருக்கு இன்பம் தராது. வரைபடத்திலோ மூன்றுக்கும் ஒரே வண்ணக் கோடுதான்.

ஆகவே பிரௌட்டர் என்ற இலவச இணையக் கருவியைத் திறந்து, அடித்தள வரைபடமாக, சைக்கிள் ஓட்டுவோருக்கான சைக்ல்ஓஎஸ்எம்மைத் தேர்ந்தெடுத்து, தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் வையுங்கள். வழி உருவானதும், அதனருகிலுள்ள தரவு அட்டவணையைத் திறந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தன்னார்வலர்கள் பதிந்துவைத்த குறியீடுகள் வரிசையாகத் தெரியும். தரையைக் குறிக்கும் ‘சர்ஃபேஸ்’ என்ற குறியீட்டில் ‘காம்பாக்டட்’ அல்லது ‘ஃபைன் கிராவல்’ என்றிருந்தால் நாம் விரும்பும் கெட்டித்த சரளை அது. ‘கிராவல்’ என்று மட்டும் இருந்தால் கவனம் தேவை. ரயில் தடத்தில் கொட்டுவது போன்ற பெரிய கற்களையும் அந்தக் குறியீடு குறிக்கும். பாதையின் உறுதியைத் தரம் பிரிக்கும் ‘டிராக்டைப்’ என்பதில் ‘கிரேடு 1’, ‘கிரேடு 2’ ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளலாம். 4, 5 என்றிருந்தால் மழைக்குப் பிறகு சேறுதான். ‘ஹைவே’ என்ற குறியீட்டில் ‘செகண்டரி’, ‘டெர்ஷியரி’ என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்றும் தேடுங்கள். அவை கார் ஓடும் சாலைத் துண்டுகள்.

குறியீடு எதுவும் இல்லாத துண்டுகளுக்கு, தேசிய நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் வான்படங்களைப் பாருங்கள். மரநிழல் மூடிய கால்வாய்க் கரையில் வான்படத்தால் பயனில்லை. அங்கே பனோராமாக்ஸ் என்ற திறந்த படத் தளத்தில் யாரேனும் தரைமட்டத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். தானாகவே வழி வகுத்துத் தரும் கட்டணச் செயலிகளைவிட இம்முறையையே நான் பரிந்துரைக்கிறேன். அரைமணி நேரம் கூடுதலாக ஆகும். ஆயினும் எந்த இடத்தில் என்ன வரும் என்பது புறப்படுமுன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான்காம் படி: வழியை நிறைவு செய்யுங்கள்

இம்மூன்று படிகளையும் கடந்து நிற்பதில் நான் முதலிடம் தருவது ‘பாஸா பாயிஸ்’ எனப்படும் வழிக்கு. தெற்குப் பிரான்ஸில் ஓ-லாங்கதோக் இயற்கைப் பூங்காவின் ஊடாக மசாமே நகரையும் பெதாரியூ நகரையும் இணைக்கும் ஏறத்தாழ 80 கி.மீ. நீளப் பழைய ரயில் தடம் அது. பெரும்பகுதி கெட்டித்த சரளை. இரு முனைகளிலும் ரயில் நிலையம் உண்டு. துலூஸிலிருந்து மசாமேவுக்கு நேரடி வட்டார ரயிலில் செல்லலாம்.

மசாமேயில் தொடங்கினால் ஏற்றம் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். லபாஸ்தீத் ருவெரூவைத் தாண்டி, அட்லாண்டிக் நோக்கி ஓடும் நீரையும் மத்தியதரைக் கடல் நோக்கி ஓடும் நீரையும் பிரிக்கும் மேட்டை ஒரு குகைப்பாதை வழியாகக் கடந்ததும் நிலம் மாறுகிறது. ஈரமான பீச், ஓக் காடுகள் பின்தங்க, கஷ்கொட்டை மரங்களும் பிறகு திராட்சைத் தோட்டங்களும் வருகின்றன. குர்னியூவிலுள்ள தெவேஸ் சுண்ணாம்புக் குகை, 1886இல் இந்த ரயில் பாதைக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது. அங்கிருந்து சென் போன் வரை இறங்கி, ழோர் ஆற்றின் ஓரமாக ஓலார்க்குக்குச் செல்லுங்கள். பாறைமேட்டில் அமைந்த அந்தப் பழைய ஊரும், அதற்கப்பால் வடக்கே எழும் கரூ மலையும் இப்பயணத்தின் மிகச் சிறந்த காட்சிகள். நாள் முழுவதும் ஓட்டப் பழகாதவர் ஓலார்க்கிலோ சென் போனிலோ இரவு தங்கி, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளட்டும்.

டயர் 40 மி.மீ. அகலம் போதும்; ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ளவர் 2.5 முதல் 3 பார் காற்றழுத்தம் வைக்கலாம். முன்சக்கரத்துக்கு அதிர்வு தாங்கி தேவையில்லை. ஊர்களில் மதியம் கடைகள் அடைத்திருக்கும், பல பேக்கரிகள் திங்கட்கிழமை திறப்பதில்லை. ஆகவே ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய்கள் கைகொடுக்கும். குடிக்கத் தகாது என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி முடிய வேட்டைக் காலம் என்பதால் செம்மஞ்சள் நிற மேலாடை அணிவது நல்லது.

பிற்சேர்க்கை

குழந்தைகளுடன் செல்லும் வாசகர்கள் கேட்டவற்றை இங்கே சேர்க்கிறேன். வுவா வெர்த் சாலையைக் கடக்கும் இடங்களில் கார்களைத் தடுக்கக் கம்பித் தடுப்புகள் நட்டிருப்பார்கள். சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் அகலமான குழந்தை இழுவண்டி சில இடங்களில் சிக்கும் என்பதால் அதைக் கழற்றித் தள்ளிச் செல்ல இருவர் இருப்பது நலம். குகைப்பாதைகளில் விளக்கு இருந்தாலும் உங்கள் முன்விளக்கை எரியவிடுங்கள். 12 வயதுக்குட்பட்டவருக்குத் தலைக்கவசம் 2017 முதல் சட்டப்படி கட்டாயம். பின்னிருக்கையில் அமர்ந்து வருபவருக்கும் இது பொருந்தும்.

ரயிலில் எப்படித் திரும்புவது என்ற இன்னொரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பெதாரியூவிலிருந்து தெற்கேயுள்ள பெசியே நகருக்கு ரயில்கள் குறைவு. அட்டவணையில் காணும் சில சேவைகள் உண்மையில் பேருந்துகள், அவற்றில் சைக்கிளுக்கு இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.