ஸ்பெயின் தொலைப்பணி விசா: ஆவணங்களை எந்த வரிசையில் தயார் செய்வது?

வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வழியாக வேலை செய்துகொண்டே ஸ்பெயினில் குடியிருக்க உதவும் விசா, அந்நாட்டின் 28/2022 எண் சட்டத்தின் மூலம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து இதற்கு விண்ணப்பிப்பவர்களில் எல்லாத் தகுதியும் உள்ளவர்கள்கூடத் தாள்களைத் தவறான வரிசையில் சேகரிப்பதால் மாதக்கணக்கில் தாமதமாகிறார்கள். ஆகவே, நான் பின்பற்றிய வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வருமானத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரு மடங்கு மாத வருமானம் வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது ஏறத்தாழ 2,763 யூரோ. துணைவர் உடன் வந்தால் குறைந்தபட்ச ஊதியத்தில் 75 விழுக்காடும், அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடும் கூடும். சி.டி.சி. தொகையை, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகையை, வைத்துக் கணக்கிடாதீர்கள். சம்பளச் சீட்டிலும் வங்கி அறிக்கையிலும் ஒன்றுபோலத் தெரியும் தொகைதான் கணக்கில் வரும்.

அடுத்து, பெயர். என்னை அதிக நாள் நிறுத்தி வைத்த படி இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து தந்தையின் முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயர் இடத்தில் நிற்கும், அல்லது அந்த இடமே வெற்றாக இருக்கும். வங்கிக் கணக்கிலும் நிறுவனத்தின் கடிதத்திலும் வேறொரு வடிவம் இருக்கும். நம் ஊரில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர்களை எழுதிப் பழகிய ஸ்பானிய அதிகாரிக்கோ, இவை இரண்டு வெவ்வேறு ஆட்களின் தாள்களாகத் தோன்றக்கூடும். பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டு, மாற்றக்கூடியவற்றை, அதாவது வங்கிக் கணக்கையும் நிறுவனப் பதிவையும், முதலில் மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாத பட்டச் சான்றிதழுக்கு, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் கையொப்பம் பெற்று, மற்ற தாள்களோடு சேர்த்து அதற்கும் அப்போஸ்டில், அதாவது தாள் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்ட அரசு தரும் சான்று, வாங்குங்கள்.

மூன்றாவது, அப்போஸ்டில். இந்தியா 2005 முதல் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் இருந்தால் போதும். தூதரகச் சான்றும் வேண்டும் என்று முகவர் யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பட்டச் சான்றிதழ் முதலில் மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போக வேண்டும் என்பதால் அதிக நாள் பிடிக்கும். அதை முதலில் அனுப்புங்கள். பட்டம் இல்லாதவர்கள் மூன்றாண்டுப் பணி அனுபவத்தைக் காட்டலாம். லேமினேஷன் செய்த சான்றிதழின் பின்புறத்தில் அப்போஸ்டில் ஒட்ட முடியாது. அதைப் பிரித்தால் கிழியும் என்று தோன்றினால் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படி கேட்பதே நல்லது. காவல்துறை நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா வழியாக, ஸ்பெயினின் பெயரைக் குறிப்பிட்டு, கடைசியாக வாங்குங்கள். அது பழையதானால் ஏற்கப்படாமல் போகலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் வேறு நாட்டிலும் வசித்திருந்தால் அந்நாட்டுச் சான்றும் தேவை.

அப்போஸ்டிலுக்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு. ஒட்டப்பட்ட அப்போஸ்டிலில் உள்ள வரிகளும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால், முன்கூட்டியே மொழிபெயர்த்தால் இரண்டு முறை பணம் கட்ட நேரும். ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் வெளியிடும் பட்டியலில் உள்ள உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரையே அணுகுங்கள். தாள்களை மேசை ஸ்கேனரில் 300 டி.பி.ஐ. தரத்தில் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புவதே என் விருப்பம். கைப்பேசியில் எடுத்த படங்களில் முத்திரையின் விளிம்பு மங்கிவிடும். அவற்றை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்தும் மங்கும்.

நிறுவனத்தின் கடிதம். உங்கள் பதவி, சம்பளம், பணியில் சேர்ந்த நாள் ஆகியவற்றோடு, ஸ்பெயினிலிருந்து தொலைவில் பணிபுரிய அனுமதி உண்டு என்ற வாக்கியம் அந்நாட்டின் பெயரோடு வெளிப்படையாக இடம்பெற வேண்டும். 'எங்கிருந்தும் பணியாற்றலாம்' என்ற பொதுவான வரியை நான் ஏற்கமாட்டேன். மனிதவளப் பிரிவு தயங்கினாலும் திருத்தி வாங்குங்கள். நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கிவருவதற்கும், உங்கள் பணித்தொடர்பு மூன்று மாதங்களைக் கடந்ததற்கும் சான்று இணைக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்துடையதாக இருக்கட்டும். பயணக் காப்பீடு செல்லாது.

பின்சேர்க்கை: இந்த விசாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஏற்பாடும் தேவை. இந்தியாவில் பி.எஃப். கட்டுவதே அதற்குப் போதுமா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. மாதச் சம்பளக்காரரானால், ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பதிவுசெய்ய நிறுவனம் முன்வருமா என்பதை மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னதாகவே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒப்பந்த முறையில் வேலை செய்பவர் அங்கே சுயதொழில் செய்பவராகத் தாமே பதிந்துகொள்ளலாம். ஸ்பானிய நிறுவனங்களிடமிருந்து அவருக்கு வரும் பணி மொத்தத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

குடும்பத்தோடு செல்பவர்களுக்கு இன்னொன்று: கோயிலில் கொடுத்த திருமணச் சான்று போதாது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேண்டும். குழந்தையின் பழைய பிறப்புச் சான்றிதழ் கையால் தமிழில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், தமிழும் ஆங்கிலமும் உள்ள புதிய படியை வாங்கிய பிறகே அப்போஸ்டிலுக்கு அனுப்புங்கள்.